தேவதைக் கதை படித்த குழந்தை உங்களை மடக்கியது உண்டா?

வெயில்பறவை:
அண்ணன் மகள், நாலாம் வகுப்பு. பீட்டர் பேன் கதையின் 1911 நாவலை, சுருக்கிப் படம் போட்டது அல்ல, முழுசாகத் தானே படித்துக்கொண்டிருந்தாள். வளரவே வளராத பையன் பீட்டர், வெண்டி என்ற சிறுமியைத் தன் தீவுக்குக் கூட்டிப்போகும் கதை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். கடற்கொள்ளைக்காரன் ஹூக் வைத்த விஷத்தைப் பீட்டருக்குப் பதிலாக அவனுடைய குட்டித் தேவதை டிங்கர் பெல் குடித்துவிட்டு மங்கிக்கொண்டே போகும். தேவதைகளை நம்பும் பிள்ளைகள் கை தட்டினால் பிழைக்கும் என்று வருமே, அந்த இடம். பக்கத்து அறையிலிருந்து சத்தம். எட்டிப் பார்த்தால், மடியில் விரித்த புத்தகத்தைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருக்கிறாள். நிறுத்தினாள், அடுத்த வரியைப் படித்தாள், மறுபடி இன்னும் பலமாகத் தட்டினாள். சிலர் தட்டவில்லை, ஒருசில பிள்ளைகள் சீறினார்கள் என்று அங்கே ஒரு வரி உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத் தட்டினாளாம்.

வினை கடைசி அத்தியாயத்தில் வந்தது. வீடு திரும்பிவிட்ட வெண்டி, ஒரு வருஷம் கழித்து வருகிற பீட்டரிடம் டிங்கர் பெல்லைப் பற்றிப் பேச்செடுக்கிறாள். "யார் அது?" என்கிறான். அவன் கணக்கில் அந்தமாதிரி நிறைய இருக்கும், இது செத்துப்போயிருக்கும், அவ்வளவுதான். புத்தகத்தோடு வந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை. "அத்தை, இவனுக்கு ஞாபகமே இல்லைன்னா நான் எதுக்குத் தட்டினேன்?"

பதில் இன்னும் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

ராப்பாடி:
நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிய தொடரின் கடைசிப் புத்தகம், 1956-இல் வந்தது. என் பையனுக்கு, அங்கே போய்வரும் பிள்ளைகளில் சூசன் என்றால் உயிர், வில்லும் கொம்பும் அவளுக்குத்தானே கிடைத்தன. கடைசியில் அவள் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்கிறார்கள், அவள் மட்டும் இல்லை. உதட்டுச் சாயம், விருந்து அழைப்பு என்று போய்விட்டாளாம். இவன் நம்பவில்லை. அச்சில் தாள் விட்டுப்போயிருக்கும் என்று பக்க எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தான். எல்லாம் வரிசையாக இருந்தன. "அவள் வேற புத்தகத்துல வருவாளா?" என்றான். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அந்தத் தொடரை அவன் தொடவே இல்லை.

பழைய வாசகர்:
இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. கை தட்டும் காட்சி முதலில் 1904-இல் மேடையேறிய நாடகத்துக்காக எழுதப்பட்டது. அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைத் தட்டவைக்கும் உத்தி. தனியாகப் படிக்கிற குழந்தைக்கு அது பொருந்தாது. இதைச் சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

என் பேரன் ஸ்னோ ஒயிட்டில் ராணி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு ஆடிச் சாகும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். குழந்தைகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. எனவே முதலில் கிரிம் சகோதரர்கள் கதைகளைக் கொடுங்கள், சுத்தம் செய்யாத பதிப்பாக. 1812 முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பது பெற்ற தாய், 1819-இல்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ஹேன்சல், கிரெட்டல் கதையில் அந்த மாற்றம் 1840-இல். இதையெல்லாம் பெரியவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாவலை நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். முடிவு சோகமானால் முன்கூட்டியே கோடிகாட்டுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் கடைசி அத்தியாயம் வேண்டாம். படித்ததும் கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள், இரண்டு நாள் விட்டுப் பேசுங்கள். ஒரு நோட்டு போட்டுப் பிடித்தது, பிடிக்காதது என்று எழுதச் சொல்லலாம்.

வெயில்பறவை:
நாடகத்துக்காக எழுதியது என்று சொல்லிப் பார்த்தேன் ஐயா. "அப்போ நாடகம் பார்த்து தட்டினவங்களும் ஏமாந்துட்டாங்களா?" என்கிறாள். இப்போது அவர்களுக்கும் சேர்த்துக் கோபம்.

நூலகப்பூனை:
ஐயா, கோபிக்காதீர்கள், இங்கே யாரும் நோட்டுப் போடும் வழி கேட்கவில்லை. கோடிகாட்டியிருந்தால் அந்தக் குழந்தை கை தட்டியே இருக்காது.

மாற்றாந்தாய் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் அந்த இடத்துக்கு வந்தவள்தான். மகளுக்கு அப்போது எட்டு வயசு. ஹேன்சல், கிரெட்டல் கதையை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லும் இடம் வந்ததும் குரல் இறங்கியது. "அவங்க அம்மா சொன்னாங்க" என்று வாசித்தாள். அடுத்த பக்கத்திலும் அப்படியே. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே. அச்சில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நானும் மடிப்பதை நிறுத்தவில்லை. 1812-இல் அப்படித்தான் இருந்தது என்பதை வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் கவலை வேறு. இதற்கு எந்தப் பதிப்பைக் கொடுத்தால் சரியாகும், சொல்லுங்கள்?

பழைய வாசகர்:
அம்மா, நான் பொதுவாகச் சொன்னேன். உங்கள் மகள் விஷயம் வேறு.

பென்சில்முனை:
சண்டை நடுவில் என்னுடையதும். மிகாயேல் எண்டேயின் முடிவில்லாத கதை. 1979 ஜெர்மன் பதிப்பு இரண்டு நிற மையில் வந்தது, கதாநாயகச் சிறுவன் பாஸ்டியன் இருக்கும் நம் உலகத்துக்கு ஒன்று, அவன் படிக்கிற கதையின் உலகத்துக்கு இன்னொன்று. எங்களிடம் இருந்தது வெறும் கறுப்பு மை. இதை வாய் தவறித் தம்பியிடம் சொன்னேன், அவனுக்குப் பதினொன்று. சிவப்புப் பென்சிலும் பச்சைப் பென்சிலும் எடுத்து ஒவ்வொரு பத்தியாக ஓரத்தில் கோடு போட ஆரம்பித்தான்.

பாதி வரை சிக்கல் இல்லை. அப்புறம் பாஸ்டியனே கதைக்குள் போய்விடுகிறான். "இப்ப என்ன கலர்?" பச்சை, அவன் அங்கேதானே இருக்கிறான் என்றேன். "அவன் மனுஷன், சிவப்புதான்" என்று ஒரே பிடிவாதம். விட்டுவிட்டேன். பிறகு எடுத்துப் பார்த்தால், பாஸ்டியன் ஒவ்வொரு ஆசையாக நிறைவேற்றிக்கொண்டு, அதற்கு ஈடாகத் தன் உலகத்து நினைவு ஒவ்வொன்றையும் இழக்கும் பக்கங்களில் சிவப்புக் கோட்டின் மேலேயே பச்சை ஏறியிருக்கிறது. முதலில் லேசாக. போகப்போகச் சிவப்பே தெரியவில்லை. தன் பெயரைக்கூட மறக்கும் இடத்தில் பென்சில் தாளைக் கிழித்திருந்தது.

புத்தகம் இரவல் வாங்கியது. கொடுத்தவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டு இதை நானே வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.