பயோடெக் ஐபிஓ: 300 பக்க ப்ரொஸ்பெக்டஸில் எங்கிருந்து தொடங்குவது?

கல்லடி வாசகன் (மட்டக்களப்பு) கேட்டது:

அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலாகப் போகும் ஒரு பயோடெக் கம்பனியின் பங்கை ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா வாங்க நினைக்கிறார். ப்ரொஸ்பெக்டஸை, அதாவது பங்கு விற்குமுன் கம்பனி வெளியிடும் விவரப் பத்திரத்தை, வாசித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. 300 பக்கத்துக்கு மேல். கொழும்புச் சந்தையில் ஒரு கம்பனியை எடைபோட வருமானம், இலாபம், பங்கிலாபம் என்று பார்த்துப் பழகிவிட்டோம். இதில் விற்பனையே இல்லை, வருடா வருடம் நட்டம்தான்.

கையில் இருப்பது ஒரே மருந்து, ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய்க்கானது. இரண்டாம் கட்டப் பரிசோதனையை 38 நோயாளிகளில் முடித்திருக்கிறார்கள். மருந்து கொடுக்காத குழு என்று ஒன்றும் இல்லை. ஐபிஓ, அதாவது முதற் பொதுப் பங்கு வெளியீட்டுக் காசில்தான், அனுமதிக்கு முந்திய பெரிய பரிசோதனையான மூன்றாம் கட்டம் தொடங்குமாம்.

பெரிய ஃபண்டுகள் உள்ளே இருப்பதால் பயமில்லை என்கிறார்கள் சிலர். பயோடெக் பங்கை முதல் நாள் தொடவே கூடாது என்கிறார்கள் வேறு சிலர். எந்தப் பக்கங்களை முதலில் வாசிக்க வேண்டும்? எதைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்?

வாவிக்கரை எழுதியது:

தம்பி, இரண்டு திகதிகளைக் கண்டுபிடியுங்கள். ஒன்று காசு தீரும் திகதி, மற்றது பரிசோதனை முடிவு வரும் திகதி. காசு முதலில் தீருமென்றால் முடிவு தெரியுமுன்பே கம்பனி இன்னொரு தடவை பங்கு விற்கும். அப்போது விலையைத் தீர்மானிப்பது வாங்குகிறவன், உங்கள் அண்ணாவின் பங்கு விகிதமும் கரையும். என் கணிப்பில் இந்த ஒரு ஒப்பீடுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்துநரான எஸ்ஈசியின் எட்கர் தளத்தில், ப்ரொஸ்பெக்டஸ் அடங்கிய எஸ்-1 பத்திரம் இலவசமாகக் கிடைக்கும். முதற் பிரதியில் விலையும் பங்கு எண்ணிக்கையும் வெற்றிடமாக இருக்கும். திருத்திய பிரதி எஸ்-1/ஏ. விலை முடிவான பின் வருவது 424பி4, கணக்குப் பார்க்க அதை எடுங்கள்.

திரட்டும் காசை எதற்குச் செலவிடுவோம் என்று சொல்லும் பகுதியின் கடைசிப் பந்தியில், இந்தக் காசு எந்த வருடத்தின் எந்தக் காலாண்டு வரை போதும் என்று கம்பனியே எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பாமல் நீங்களும் போட்டுப் பாருங்கள். காசோட்ட அறிக்கையில் 'இயக்க நடவடிக்கைகளில் செலவான காசு' என்ற வரியை எடுங்கள். நிகர நட்டத்தை எடுக்காதீர்கள், ஊழியர்களுக்குக் கொடுத்த பங்கு உரிமைகளின் செலவும் அதில் கலந்திருக்கும்.

உதாரணத்துக்கு, கையில் 40 மில்லியன் டொலர், ஐபிஓவில் திரட்டுவது 100 மில்லியன். வெளியீட்டை நடத்தும் வங்கிகள் வழமையாக எடுப்பது 7 சதவீதம். சட்டம், கணக்காய்வு என்று இன்னும் 3 மில்லியன் போகிறது என்று வைத்தால் மிஞ்சுவது 90, மொத்தம் 130. காலாண்டுச் செலவு 12 என்றால் கிட்டத்தட்ட 11 காலாண்டு தாங்கும். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் 12 என்பது இரண்டாம் கட்டக் காலத்துச் செலவு. மூன்றாம் கட்டத்தில் பல நாட்டு ஆஸ்பத்திரிகள், மருந்து உற்பத்தி எல்லாம் சேர்ந்து காலாண்டுக்கு 22 ஆனால் ஆறு காலாண்டு கூடத் தாங்காது.

அடுத்தது பங்கு எண்ணிக்கை. செய்திகளில் வரும் சந்தைப் பெறுமதி பெரும்பாலும் வெளியிட்ட பங்குகளை மட்டும் வைத்துச் சொல்வது. பழைய பங்கு 24 மில்லியன், புதியது 6.25 மில்லியன், விலை 16 டொலர் என்றால் 484 மில்லியன் வரும். ஊழியர் ஒப்ஷன், வொரண்ட் (குறித்த விலையில் பின்னர் பங்கு வாங்கும் உரிமைகள்) என்று இன்னொரு 4 மில்லியன் பங்கு இருந்தால் உண்மையில் நீங்கள் கொடுக்கும் பெறுமதி 548 மில்லியன். ப்ரொஸ்பெக்டஸில் 'இந்த எண்ணிக்கையில் அடங்காதவை' என்று ஒரு புள்ளிப் பட்டியல் இருக்கும். அந்த 4 மில்லியன் அங்கேதான் கிடக்கும்.

ஃபண்டுகளைப் பற்றி. பெயர் இருப்பது மட்டும் போதாது. அவை எந்த விலைக்கு உள்ளே வந்தன என்று ஐபிஓவுக்கு முன் தனியாரிடம் காசு திரட்டிய கடைசிச் சுற்றின் விவரத்தில் பாருங்கள், ஐபிஓவுக்கு முந்திய பங்குப் பிரிப்பையும் சரிசெய்து பார்க்க வேண்டும். 7 டொலருக்கு வாங்கிய ஃபண்ட் 16 டொலர் பங்கு பாதியாக விழுந்தாலும் நட்டப்படாது. அதே ஃபண்டுகள் ஐபிஓ விலையிலும் வாங்க விரும்புவதாக ப்ரொஸ்பெக்டஸில் எழுதியிருந்தால், அதற்கு மதிப்புக் கொடுக்கலாம்.

ட்ரயல் மேசை (கல்முனை) எழுதியது:

காசுக் கணக்கு சரி. ஆனால் மருந்து வேலை செய்யாவிட்டால் காசு எத்தனை காலாண்டு இருந்தும் என்ன? 38 பேர், ஒப்பீட்டுக் குழு இல்லை என்ற வரியைக் கண்டதும் நான் நின்றுவிடுவேன்.

இந்த நோயில் மருந்தின் பலனை அளக்கும் முதல் அளவீடு சிறுநீரில் போகும் புரதம். அது நாளுக்கு நாள் ஏறி இறங்கும். கூடுதலாகப் போகும் நேரத்தில் ஆளைப் பரிசோதனைக்குத் தெரிவுசெய்தால், எதுவும் கொடுக்காமலே அடுத்த அளவீடு குறைந்து காட்டலாம். அதோடு, வழமையாகக் கொடுக்கும் ஏஸ் இன்ஹிபிட்டர், ஏஆர்பி என்ற இரத்த அழுத்த மருந்துகளின் அளவைப் பரிசோதனைக்குச் சற்று முன்னர் கூட்டியிருந்தாலும் புரதம் இறங்கும். ஆகவே சேர்க்கை விதிகளைப் பாருங்கள். இந்த மருந்துகள் எத்தனை கிழமை மாறாத அளவில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களா? ஒரு தடவை எடுத்த சிறுநீரா, 24 மணி நேரச் சேகரிப்பா? ஆறு மாதத்தில் 38 பேரும் இருந்தார்களா, இடையில் விலகியவர்களைக் கழித்துவிட்டு சராசரி சொல்கிறார்களா?

அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பான எஃப்டிஏ, இந்த நோய்க்கான மருந்துகளுக்குப் புரதக் குறைவை வைத்து விரைவு அனுமதி கொடுத்திருக்கிறது. ஆனால் முழு அனுமதிக்கு ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், இரண்டு வருட அளவில் எப்படிப் போகிறது என்று காட்ட வேண்டிவரும். டார்பெயோ என்ற மருந்து 2021 டிசம்பரில் விரைவு அனுமதி பெற்றது, முழு அனுமதி வந்தது 2023 டிசம்பரில். ஃபில்ஸ்பாரி என்ற மருந்துக்கு 2023 பெப்ரவரியும் 2024 செப்டெம்பரும். 2024 ஓகஸ்டில் மருந்துக் கம்பனி நோவார்ட்டிஸும் உள்ளே வந்துவிட்டது. உங்கள் கம்பனி போவது ஏற்கெனவே நெருக்கமான சந்தைக்கு. 'போட்டி' என்ற பகுதியில் இவற்றின் பெயர்கள் விளக்கமில்லாமல் ஒரே பந்தியில் அடுக்கப்பட்டிருந்தால் கம்பனி அந்தக் கேள்வியைத் தவிர்க்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பரிசோதனைகளின் பதிவேடான கிளினிக்கல்ட்ரயல்ஸ் டொட் கவ் தளத்தில் பரிசோதனையின் என்சிடி என்ற பதிவு இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள். அங்கே பழைய பதிவுகளின் வரலாறும் இருக்கிறது. பரிசோதனை தொடங்கிய பிறகு முதன்மை அளவீட்டை மாற்றியிருந்தால், அல்லது எதிர்பார்த்த நோயாளி எண்ணிக்கையைக் குறைத்திருந்தால், அதற்கான விளக்கம் எஸ்-1இல் இருக்க வேண்டும். வாவிக்கரை சொன்ன இரண்டாவது திகதியும் அங்கேதான் கிடைக்கும், 'முதன்மை நிறைவுத் திகதி' என்ற வரியில். அந்தத் திகதி பெரும்பாலும் பிந்துமே ஒழிய முந்துவது அரிது.

ஃபாஸ்ட் ட்ராக் (விரைவுப் பரிசீலனை), ஓர்ஃபன் ட்ரக் (அரிய நோய் மருந்து) என்ற எஃப்டிஏ முத்திரைகளைக் கண்டு மயங்க வேண்டாம். ஓர்ஃபன் நிலை, அனுமதி கிடைத்தால் 7 வருடத் தனியுரிமை தரும், நல்லதுதான். இரண்டுமே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை.

பயோ என்ற அமெரிக்கத் தொழிற்துறை அமைப்பின் 2011–2020 கணக்கில், இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்குப் போனவை 28.9 சதவீதம், முதற் கட்டத்தில் தொடங்கி அனுமதி வரை போனவை 7.9 சதவீதம். இன்னொன்றும் நினைவில் வையுங்கள். எக்ஸோவன்ட் கம்பனி, பெரிய மருந்துக் கம்பனியான ஜிஎஸ்கேயிடம் 5 மில்லியன் டொலர் முன்பணத்துக்கு வாங்கிய அல்சைமர் மருந்தை வைத்து 2015 ஜூனில் 315 மில்லியன் திரட்டியது. பங்கு முதல் நாளே இரட்டித்தது. 2017 செப்டெம்பரில் மூன்றாம் கட்டம் தோற்றபோது ஒரே நாளில் ஏறக்குறைய முக்கால்வாசி போய்விட்டது. ஐபிஓ நாளில் விலை ஏறியது அந்த மருந்தைப் பற்றி எதையுமே சொல்லவில்லை.

சம்மாந்துறை கணக்கர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். கேள்வி கேட்டவருக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் இருந்து வாசிக்கும் சகோதரர்களுக்காக எழுதுகிறேன். மருந்துக் கம்பனிதானே, தொழில் ஹலால், பங்கும் ஹலால் என்று நினைத்துவிட வேண்டாம்.

இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு நியமம் வகுக்கும் அமைப்பான அயோஃபியின் 21ஆம் ஷரீஆ நியமத்தில் மூன்று வரம்புகள் உண்டு: வட்டிக் கடன் சந்தைப் பெறுமதியில் 30 சதவீதத்துக்குள், வட்டி வைப்பு 30 சதவீதத்துக்குள், ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்துக்குள். விற்பனை இல்லாத பயோடெக் கம்பனி ஐபிஓ காசை அமெரிக்கத் திறைசேரி உண்டியல்களிலும் மணி மார்க்கெட் ஃபண்டிலும் போட்டு வைக்கும். வருமானக் கூற்றைத் திறந்தால் ஒரே வருமானம் வட்டி. 5 சதவீத வரம்பு அங்கேயே உடைகிறது.

வைப்பு வரம்பையும் மேலே வந்த உதாரணத்தில் போட்டுப் பார்த்தேன். 130ஐ 484ஆல் பிரித்தால் 26.9 சதவீதம், உள்ளேதான். பங்கு 14 டொலருக்கு இறங்கினாலே 30ஐத் தாண்டிவிடும். ஆகவே வாங்கிய நாளில் பார்த்துவிட்டு மறந்துவிட முடியாது. வருமானம் இல்லாத கம்பனியை எப்படிக் கணிப்பது என்பதில், பங்குகளை ஹலாலா என்று தரப்படுத்துவோர் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. இந்த இலக்கங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

கல்லடி வாசகன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. முதன்மை நிறைவுத் திகதி இன்னும் 27 மாதம் என்று போட்டிருக்கிறது. கம்பனி தன் காசு 24 மாதத்துக்குப் போதும் என்கிறது. மேலும் இரண்டு கேள்விகள். இங்கிருந்து நானும் கொஞ்சம் காசு போடலாமா? ஒரு வட்ஸ்அப் குழுவில் இதே பங்கை 'ஐபிஓவுக்கு முந்திய விலையில்' தருவதாகச் சொல்கிறார்கள், அது எப்படி?

வாவிக்கரை எழுதியது:

27க்கும் 24க்கும் இடையில்தான் உங்கள் பதில் இருக்கிறது. முடிவு வருமுன் இன்னொரு பங்கு விற்பனை நிச்சயம் என்று வைத்துக்கொண்டு விலையைக் கணியுங்கள்.

வட்ஸ்அப் காரியத்தில் இறங்கவே வேண்டாம். எஸ்-1 தாக்கல் செய்த கம்பனியின் பழைய பங்குகள் பெரும்பாலும் லொக்-அப், அதாவது குறித்த நாள் வரை விற்கக் கூடாது என்ற ஒப்பந்தத்துக்குள் கட்டுண்டிருக்கும், அவற்றைத் தெருவில் விற்க முடியாது. விற்கிறவர் அமெரிக்கத் தரகர் என்று சொன்னால் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ராவின் ப்ரோக்கர்செக் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். காசைத் தனி ஆளின் கணக்குக்கோ கிரிப்டோ முகவரிக்கோ அனுப்பச் சொன்னால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

இங்கிருந்து பணம் அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும். வெளிநாட்டுப் பங்கு வாங்க, வங்கியில் அதற்கென்றுள்ள வெளிமுக முதலீட்டுக் கணக்கு ஊடாகத்தான் போகவேண்டும், தனிநபருக்கு உச்சவரம்பும் உண்டு. அது மத்திய வங்கிக் கட்டளைகளுக்கேற்ப மாறும், அன்றைய வரம்பை வங்கியிலேயே கேளுங்கள். வங்கிக்கு வெளியே உண்டியல் முறையில் அனுப்பி அண்ணாவின் கணக்கில் போட்டால் சட்டச் சிக்கல் ஒரு பக்கம், பங்கும் வரியும் அவர் பெயரில் என்பது இன்னொரு பக்கம்.

ஏழு மணிச் சந்தை எழுதியது:

முதல் நாள் வாங்குவது பற்றி யாரும் சொல்லவில்லை. ஐபிஓ விலை பெரும்பாலும் பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்குத்தான் கிடைக்கும். எல்லோரும் விரும்பும் வெளியீட்டில் சின்ன முதலீட்டாளருக்குத் துளியும் வராது. யாரும் விரும்பாததில் கேட்டது முழுவதும் வரும். ஆகவே அண்ணாவுக்குக் கேட்டதெல்லாம் கிடைத்தால் அதையே ஓர் எச்சரிக்கையாக எடுங்கள்.

நாஸ்டாக் திறப்பது எங்கள் நேரம் இரவு 7 மணி, அங்கே குளிர்காலமானால் 8. ஐபிஓ பங்கு மணியடித்ததும் ஓடத் தொடங்காது, பல வேளை இரண்டு மணி நேரமாவது பிந்தும். மார்க்கெட் ஓடர் (என்ன விலைக்கும் வாங்கச் சொல்வது) போட வேண்டாம், லிமிட் ஓடர் (உச்ச விலை குறித்து வாங்கச் சொல்வது) மட்டும். 1980 ஒக்டோபர் 14இல் ஜெனென்டெக் 35 டொலருக்கு வந்து, ஒரு மணி நேரத்துக்குள் 88க்கு ஏறி, 71.25இல் முடிந்தது. உச்சியில் வாங்கியவருக்கு அன்றே நட்டம். மொடேர்னா 2018 டிசம்பரில் 23 டொலருக்கு வந்து முதல் நாளே 18.60க்கு இறங்கியது. பொறுத்தவருக்கு அதைவிட மலிவாகவும் கிடைத்தது.

25 நாளில் வெளியீட்டை நடத்திய வங்கிகளின் ஆய்வாளர்கள் எழுதத் தொடங்குவார்கள், பெரும்பாலும் வாங்கச் சொல்லியே. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். குறித்து வைக்க வேண்டியது 180ஆம் நாள், லொக்-அப் முடியும் நாள். மேலுள்ள உதாரணத்தில் சந்தையில் ஓடுவது 6.25 மில்லியன் பங்கு, பழைய ஃபண்டுகள் அதிலும் 2.5 மில்லியன் வாங்கியிருந்தால் 3.75 மில்லியன்தான். 180ஆம் நாளில் விற்கக்கூடியதாகும் பழைய பங்கு 24 மில்லியன். சில ஒப்பந்தங்களில் விலை ஒரு மட்டத்தைத் தாண்டினால் ஒரு பகுதி முன்கூட்டியே அவிழும், வெளியீட்டு ஒப்பந்தம் பற்றிய கடைசிப் பகுதியில் அது இருக்கும். கட்டாயம் வாங்கத்தான் வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்குக் காசை இப்போது போட்டு, மிச்சத்தை அந்த நாள் கழிந்து, அப்போதைய காலாண்டறிக்கையில் செலவு 12இல் நிற்கிறதா 22க்குப் போய்விட்டதா என்று பார்த்துப் போடச் சொல்லுங்கள்.