காமன் ரெயிலுக்கு 'பொதுத் தண்டவாளம்' வேண்டாம்

> காமன் ரெயில் டீசல் இன்ஜெக்ஷன் = பொதுத் தண்டவாள டீசல் உட்செலுத்தல். சரிதானே அண்ணா?

தம்பி, அகராதியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் சரிதான், சேர்த்துப் படித்தால்தான் கண்முன்னே ரயில் ஓடுகிறது. நேற்று இன்னொருவர் சொன்ன 'பொதுக்குழாய்' அதைவிட மோசம்; தெருமுனையில் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. காமன் ரெயில் என்பது டீசலை இன்ஜினுக்குள் அடிக்கும் ஒரு முறை; இதில் ரெயில் என்பது இன்ஜின் தலையை ஒட்டிக் கிடக்கும் ஒரு கெட்டியான எஃகுக்குழாய், காரில் ஒரு முழத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். பெயரைப் பார்த்து மொழிபெயர்க்காமல் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வந்து நிற்கும்.

முதலில் பழைய முறை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் இழுத்து, பதினாறு பதினெட்டு மடங்கு நெருக்கி, அந்தச் சூட்டில் டீசலை அடித்தால் தானே பற்றிக்கொள்ளும். அம்பாசடர் டீசல் காலத்தில் அந்த அடியைக் கொடுத்தது பம்ப். ஏற்றம் இறைப்பது போல, பம்ப் ஒருமுறை அழுத்தினால் ஒரு சிலிண்டருக்கு ஒருமுறை டீசல் போகும்; டீசல் பாயும் நுனியான நாசிலுக்குள் இருக்கும் ஊசி 150, 200 பார் அழுத்தம் வந்ததும் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு திறக்கும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அழுத்தமும் மெலியும். எப்போது அடிப்பது, எவ்வளவு அடிப்பது, எவ்வளவு வேகத்தில் அடிப்பது என மூன்றும் ஒரே பம்பின் தலையில்.

காமன் ரெயிலில் பம்புக்கு ஒரே வேலை, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான அந்தக் குழாயை அழுத்தத்தோடு நிரப்பி வைப்பது. 1997-இல் ஆல்பா ரோமியோ 156 காரில் வந்தபோதே 1350 பார். இப்போது 2000-ஐத் தாண்டிவிட்டது. (கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல், ஒப்பிட்டுக்கொள்ளவும்.) ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலை அடிக்கும் இன்ஜெக்டரை எப்போது திறப்பது என்பதை ஈசியு (இன்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) பார்த்துக்கொள்ளும். இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஊசியை மூடி வைத்திருப்பதும் அதே டீசலின் அழுத்தம்தான். ஊசிக்கு மேலே ஒரு சின்ன அறை. மின்சாரம் பாய்ந்ததும் அந்த அறையிலிருந்து கொஞ்சம் டீசல் கசிந்து ரிட்டர்ன் குழாய்க்குப் போகும், மேலழுத்தம் குறையும், கீழே இருக்கும் அழுத்தம் ஊசியைத் தூக்கிவிடும். ஆயிரத்தில் ஒன்றிரண்டு வினாடிக்குள் முடிகிற கதை.

போன மார்கழியில் என் கார் காலையில் கிளம்ப மறுத்தது. செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பேட்டரியை மாற்றினேன், தண்டச் செலவு. மெக்கானிக் நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் டியூப் சொருகி நான்கு சின்ன பாட்டிலில் விட்டார். மூன்றில் அடிமட்டம்தான் நனைந்தது, நான்காவது கிடுகிடுவென்று ஏறியது. "போடுறதையெல்லாம் இது ஒண்ணே குடிச்சிருது, ரெயில்ல எங்க சார் நிக்கும்?" என்றார். ரெயிலில் குறைந்தபட்ச அழுத்தம் சேராவிட்டால் ஈசியு இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது.

"எங்க நிக்கும்" என்றாரே, அதுதான் விஷயம். இந்தக் குழாயின் வேலை தேக்கி வைப்பது. ஜெர்மன்காரர்கள் காமன் ரெயில் என்றும் சொல்கிறார்கள், 'ஷ்பைஷர்' என்ற சொல்லை வைத்துத் தேக்கமுறை என்ற பொருளிலும் சொல்கிறார்கள். 'பொது' என்பதை நாம் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. என் முன்மொழிவு: தேக்கக்குழல். இன்ஜெக்டருக்கு பீச்சி. மொத்த முறைக்கு தேக்கக்குழல் பீச்சுமுறை.

---

> தேக்கு என்றதும் மரம் நினைவுக்கு வராதா? 'பீச்சி' என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள் அண்ணா, வயிற்றுப்போக்குக்குத்தான் அந்தச் சொல். 'உட்செலுத்தி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

மரம் வராது. ஊருக்கு ஊர் 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் தேக்குமரத் தொட்டி என்று படிக்கவில்லை.

சிரிப்பார்கள் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பால் பீச்சுகிறோம், பீச்சாங்குழல் வைத்து விளையாடியிருக்கிறோம். நெருக்கடியில் சிறு துளை வழியே பாய்வதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. 'செலுத்து' என்பதில் அந்த வேகம் இல்லை, வரியும் செலுத்துகிறோம், வண்டியும் செலுத்துகிறோம். இன்னொரு வசதியும் உண்டு. புது இன்ஜின்கள் ஒரே அடியில் டீசலை விடுவதில்லை. முதலில் துளியூண்டு, பிறகு முக்கிய அடி, சிலவற்றில் அதற்குப் பிறகும் கொஞ்சம். அந்த முதல் துளியால்தான் பழைய டீசலின் 'டக டக' சத்தம் அடங்கியது. இவற்றை முன்பீச்சு, முதன்மைப்பீச்சு, பின்பீச்சு என்று சொல்லிவிடலாம். 'முன் உட்செலுத்தல்', 'பின் உட்செலுத்தல்' என்று ஒரு கட்டுரை முழுக்க எழுதிப் பாருங்கள், இரண்டாம் பத்தியிலேயே ஆங்கிலத்துக்கு ஓடிவிடுவீர்கள்.

நாசிலைத் தொட வேண்டாம். மெக்கானிக்குகள் வாயில் அது தமிழாகிப் பல காலம் ஆயிற்று. பழைய நாசிலை டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தும்போது கிர்ரென்று ஒரு சத்தத்தோடு புகை போலப் பரவினால் நல்ல நாசில், நுனியில் சொட்டு நின்றால் கழிவு. அந்தப் புகைக்கு அவர்கள் 'பூ' என்கிறார்கள், "பூ நல்லா விழுது" என்று. ஸ்பிரே பேட்டர்னுக்கு, அதாவது டீசல் பரவும் வடிவத்துக்கு, சொல் தேடுபவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். விரலை மட்டும் அதன் முன்னால் நீட்ட வேண்டாம், தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

பீச்சியா பீய்ச்சியா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும்.