மாதக் கடைசி ரிவ்யூ: கண்ணை விட்டுப் போகாத அந்த ஒரு பக்கம்

(மாச இலக்குல எது நடந்துச்சு, எது நடக்கலன்னு மாசக் கடைசியில திரும்பிப் பார்க்குறப்ப, மறக்கவே முடியாத மாதிரி நீங்க பார்த்த ஒரு பக்கத்தைச் சொல்லுங்கங்கிற கேள்விக்கு வந்த பதிவுகள். ஒவ்வொண்ணுக்கும் மேல இருக்குறது எழுதினவரோட புனைபெயர்.)

கட்டம் போட்ட நோட்டு

மாதக் கடைசி ரிவ்யூ எப்படிப் பண்றதுன்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டாம். நேரா அந்தப் பக்கத்துக்கு வர்றேன். ஒருத்தரோட திட்ட நோட்டு. அஞ்சு மாசம், அஞ்சு பக்கம், அஞ்சுலயும் முதல் வரி ஒண்ணேதான். முதல் மாசம் "ஆன்லைன் கோர்ஸை முடிக்கணும்", கீழ ரெண்டு அடிக்கோடு. அடுத்த மாசம் அடிக்கோட்டைக் காணோம். மூணாவதுல "கோர்ஸ் முடி". நாலாவதுல வெறும் "கோர்ஸ்". அஞ்சாவது பக்கம் புதுத் தாள், மேல ஒரு எழுத்துகூட இல்ல, முதல் வரியாவே "மேற்படி"ன்னு எழுதியிருந்துச்சு.

எதுக்கு மேற்படி? மேலதான் ஒண்ணுமே இல்லையே!

இத்தனைக்கும் மாசம் தவறாம ஓரத்துல பெருக்கல் குறி போட்டிருந்தாங்க. அதை ரிவ்யூன்னு சொல்ல முடியாது, வருகைப் பதிவேடுன்னு வேணா சொல்லலாம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தீர்ப்பு எழுதினாத்தான் அந்த வேலை முடிஞ்ச மாதிரி.

பக்கத்துல மூணு பத்தி போதும்: எழுதினது, கடைசியா கை வச்ச தேதி, தீர்ப்பு. விஷயம் நடுப் பத்தியிலதான் இருக்கு. "ஏன் நடக்கல"ன்னு கேட்டு ஒரு பத்தி வச்சா எல்லாரும் "நேரமில்ல"ன்னு எழுதிட்டு நகர்ந்துடுவாங்க. தேதிகிட்ட அந்தச் சாக்கு எடுபடாது. 4-ம் தேதியோட நின்னிருந்தா முதல் படியே பெருசு. 18-ல நின்னிருந்தா நடுவுல ஏதோ புகுந்திருக்கு, இலக்கைக் குத்தம் சொல்ல வேண்டாம். எழுத ஒரு தேதியே இல்லன்னா அதை ஆசைக் கணக்குல வரவு வச்சுக்கலாம். தீர்ப்புக்கு நாலே வார்த்தை: தொடர், சுருக்கு, தள்ளு, வெட்டு. இதுல "தள்ளு", அதாவது அடுத்த மாசத்துக்கு ஒத்திப் போடுறது, ஒரு இலக்குக்கு ஒரு தடவைதான். மறுபடியும் நடக்கலன்னா சுருக்கணும், இல்ல வெட்டணும்.

ஃபார்முலா பட்டை

நோட்டாவது காட்டிக் கொடுத்துடும். ஷீட் இருக்கே, அது மூடி மறைச்சிடும்.

ஒரு எக்செல் ஷீட், அஞ்சு இலக்கு, அடியில பச்சைக் கட்டத்துல 92.5%. மேல ஏறிப் பார்த்தா: தண்ணி குடிக்கிறது 100, படுக்குற நேரம் 100, நடை 95, வாசிப்பு 75. அஞ்சாவது, ஆய்வேட்டோட ரெண்டாம் அத்தியாயம். அந்தக் கட்டம் காலி. ஒரு வரிகூட எழுதல, ஆனா 0 போட மனசு வரல போல, அப்படியே விட்டாச்சு. ஆவரேஜ் ஃபார்முலா காலிக் கட்டத்தை எண்ணிக்கையில சேர்க்காது. 370-ஐ 4-ஆல வகுத்துட்டு நிக்கும். 0 போட்டிருந்தா 5-ஆல வகுத்து 74-ன்னு காட்டியிருக்கும். ஒரு சைபரை முழுங்கினதுக்கு 18.5 மார்க் போனஸ்.

74-ம் பொய்தான். அந்த மாசத்தை ஒதுக்கினதே அத்தியாயத்துக்காக. நாலு குடம் தண்ணி குடிச்சாலும் ஒரு பக்கம் நகராது. அதனால இலக்குகளைச் சராசரி எடுக்கவே கூடாது. முக்கியமான ஒண்ணை மேல தனியா வைங்க, அதுக்கு மட்டும் ஒரு எண். மத்ததெல்லாம் கீழ, கூட்டாம, வகுக்காம.

அப்புறம் பழைய டேபை டூப்ளிகேட் பண்ணி மாசப் பேரை மட்டும் மாத்துற பழக்கம். பழைய இலக்கெல்லாம் கூப்பிடாமலே வந்து உக்காந்துக்கும். ரைடர் கேரல் உருவாக்கின புல்லட் ஜர்னல்ங்கிற நோட்டு முறையில, முடியாததை அடுத்த மாசப் பக்கத்துல கைப்படத் திருப்பி எழுதணும். எழுதுற அலுப்பே வடிகட்டி. ஷீட்டுல அந்த அலுப்பு கிடையாது. (நோட்டுலயும் "மேற்படி"ன்னு ஒரே வார்த்தையில அதைத் தாண்டிட்டாங்க, அது வேற கதை.)

முப்பதுக்கு இருபத்திரண்டு

"தள்ளு ஒரு தடவைதான்" ஒத்துவராது. பதிலுக்காகக் காத்திருக்குற வேலை எல்லா லிஸ்ட்லயும் இருக்கும். விண்ணப்பம் போயாச்சு, அந்தப் பக்கத்துல இருந்து சத்தமே இல்ல. இதைச் சுருக்குறதா, வெட்டுறதா? அஞ்சாவதா "காத்திருப்பு"ன்னு ஒரு வார்த்தை வேணும். பக்கத்துலயே மறுபடி நினைவூட்ட வேண்டிய தேதியும் வேணும். தேதி இல்லாத காத்திருப்பு, மேற்படிக்குத் தம்பி.

என் கண்ணுல நிக்கிறது ஒரு ஆப்போட திரை. தினமும் 20 நிமிஷம் வயலின் பயிற்சி. 22 நாள் வரிசையா ஆரஞ்சு வட்டம். 23-ம் நாள் விட்டுப்போச்சு. விடாம செஞ்ச நாளை எண்ணுற இடத்துல பெரிய எழுத்துல "0". அதுக்கப்புறம் மாசம் முடியுற வரைக்கும் எல்லா வட்டமும் வெள்ளை. 22 நாள் வாசிச்சவங்களுக்கும் ஒரு நாள்கூட வாசிக்காதவங்களுக்கும் அந்த ஆப்புல ஒரே மார்க்.

பழக்கத்தை மாசக் கெடு வச்சு "ஆச்சு, ஆகல"ன்னு பார்க்குறதே தப்பு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை 12 வாரம் கவனிச்சாங்க. ஒரு பழக்கம் தன்னால ஓட ஆரம்பிக்க நடுமட்டமா 66 நாள். ஆளுக்கு ஆள் 18-ல இருந்து 254 வரைக்கும் வித்தியாசம் (254-ங்கிறது வரைபடத்தை நீட்டிப் போட்ட கணக்கு, ஆய்வு நடந்ததே 84 நாள்தான்). நடுவுல ஒரு நாள் விட்டது பெருசா எதையும் கெடுக்கலன்னும் அதுலயே இருக்கு. அப்ப 30-ம் தேதி எந்தப் பழக்கமும் "முடிஞ்சிருக்க" வேண்டிய அவசியம் இல்ல. 22/30-ன்னு எழுதுங்க, வரிசைக் கணக்கை அணைச்சு வைங்க. அடுத்தடுத்து ரெண்டு நாள் விடுறதில்லைங்கிற ஒரே விதி போதும்.

நிதானம்

நான் பார்த்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கட்டம் போட்ட நோட்டு சொன்ன அதே மாதிரி ஒரு கோர்ஸ் இலக்கு, மாதம் முழுக்கத் தவறாமல் உழைத்தும் மூன்றில் ஒரு பங்குதான் முடிந்திருந்தது. அந்த இலக்கு 1-ம் தேதி காலையிலேயே தோற்றுவிட்டது என்பதை அவர் கடைசிவரை கவனிக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். 24 பாடங்கள், ஒவ்வொன்றும் 50 நிமிடம், ஆக 20 மணி நேரம். பயிற்சிகளுக்கு இன்னொரு 20. தேவை 40 மணி நேரம். கையில் இருந்தது? 30 நாளில் 4 ஞாயிறு ஓய்வு, 5 நாள் வெளியூர்ப் பயணம், மிச்சம் 21 நாள். நாளுக்கு 40 நிமிடம் வீதம் 14 மணி நேரம். 14 மணி நேரத்துக்குள் 40 மணி நேரத்தை எப்படி அடைப்பது?

ஆகவே, யாரும் கேட்காவிட்டாலும், புதிய மாதத்தின் இலக்குகளை எழுதும் முறையைச் சொல்கிறேன். கடைசி நாள் இரவு உட்காராதீர்கள். அப்போது களைப்பும் குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டு பேனாவைப் பிடிக்கும், பட்டியல் ஒன்றரை மடங்காகும். முடிய மூன்று நாள் இருக்கும்போதே உட்காருங்கள். சிறு மிச்சம் இருந்தால் அந்த மூன்று நாளில் முடிந்தும் விடும். மொத்தம் முக்கால் மணி நேரம். முதல் 10 நிமிடம் பழைய பட்டியலைத் திறக்காமல், நாட்காட்டியையும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் பார்த்து, மாதத்தில் உண்மையில் என்னென்ன நடந்தன என்று எழுதுங்கள். பட்டியலில் இல்லாத வேலைகளே பாதி நாளைத் தின்றிருப்பது இப்போதுதான் தெரியும். அடுத்த 15 நிமிடம் பழைய பட்டியலுக்குத் தீர்ப்பு. பிறகு அடுத்த மாத நாட்காட்டியில் ஏற்கெனவே பறிபோன நாட்களை அடித்துவிட்டு, மீதி நாட்களை மணி நேரமாக மாற்றுங்கள். அந்த எண்ணைத் தாளின் தலைப்பில் எழுதிய பிறகே இலக்குகளைத் தொடலாம்.

ஒவ்வொரு இலக்குக்கும் தோன்றும் நேரத்தை 1.6-ஆல் பெருக்குவது என் வழக்கம். ப்யூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேடு சராசரியாக 33.9 நாளில் முடியும் என்றார்கள், ஆனது 55.5 நாள். வகுத்துப் பாருங்கள், 1.6-க்குச் சற்று மேலே வரும். எல்லா வேலைக்கும் இதே விகிதம் என்று சொல்லவில்லை. ஆனால் பெருக்காமல் விடுவதைவிட இது மேல். பெருக்கிய பின் கூட்டுத்தொகை தலைப்பில் உள்ள எண்ணைத் தாண்டினால், தாண்டும் அளவுக்கு வெட்டுங்கள். மூன்று இலக்குக்கு மேல் மிஞ்சினால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது. கடைசியாக எல்லாவற்றையும் ஸ்மார்ட் (SMART: குறிப்பானதா, அளக்கக்கூடியதா, எட்டக்கூடியதா, பொருத்தமானதா, கெடு உள்ளதா என்று ஐந்து ஆங்கில எழுத்துகளை வைத்து இலக்கைச் சோதிப்பது) முறையில் திருத்தி எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

ஏழால வகு

சார், அனுபவம் ரெண்டு வரி, அறிவுரை ரெண்டு முழமா? அந்த 14 மணி, 40 மணிக் கணக்கு அருமை, அதோட நிறுத்தியிருக்கலாம். ஸ்மார்ட்டைக் கடைசியில ஒட்டினது வேண்டாத வேலை. 1981-ல ஜார்ஜ் டோரன் எழுதின மூலக் கட்டுரையில அந்த ஏ எழுத்துக்கு "யார்கிட்ட ஒப்படைக்கலாம்"னு அர்த்தம். மேனேஜர்களுக்காக எழுதினது. ஒத்த ஆளோட லிஸ்ட்டுல அந்தக் கேள்விக்கு எப்பவும் ஒரே பதில், கண்ணாடியில தெரியுற ஆள்தான்.

நான் பார்த்தது சின்ன விஷயம். "வாரம் 3 நாள் நீச்சல்". மாசக் கடைசியில 13-ன்னு எண்ணி, ஆனா இலக்கு 15-ன்னு எழுதி, தோல்விக் கணக்குல சேர்த்திருந்தாங்க. நாட்காட்டியில அந்த மாசம் அஞ்சு வரிசையில பரவியிருந்துச்சு, அதனால அஞ்சு வாரம்னு நினைச்சு 5 × 3 போட்டுட்டாங்க. 31 நாளை ஏழால வகுத்தா 4.43 வாரம், மூணால பெருக்கினா 13.3. அவங்க இலக்கைத் தொட்டுட்டாங்க! பிப்ரவரியில இதே இலக்கு 12. வார இலக்கை மாசத் தாள்ல எழுதினா நாள் எண்ணிக்கையை வச்சு வகுத்துட்டு எழுதுங்க, வரிசையை எண்ணாதீங்க.

தராசு முள்

சராசரியே கூடாதுன்னு ஃபார்முலா பட்டை ஒரே போடா போட்டுட்டார். அஞ்சு வெவ்வேற இலக்கைக் கலந்து எடுக்குற சராசரி தப்பு, சரி. ஒரே இலக்கோட அளவுகளுக்குச் சராசரி இல்லாம எப்படித் தீர்ப்பு எழுதுறது?

எடைக் குறைப்புத் தாள் ஒண்ணு. 1-ம் தேதி 78.2 கிலோ. 31-ம் தேதி காலையில 78.6. தீர்ப்புப் பத்தியில "வெட்டு", அதுவும் பேனாவை அழுத்தி, தாள் கிழியுற அளவுக்கு. நடுவுல இருந்த 29 எண்ணை யாரும் கூட்டிப் பார்க்கல. முதல் ஏழு நாள் சராசரி 78.4, கடைசி ஏழு நாள் சராசரி 77.3. 1.1 கிலோ குறைஞ்சிருக்கு. முந்தின நாள் சாப்பிட்ட உப்பு, உடம்புல தங்குற தண்ணி, குடல்ல இருக்குறது எல்லாம் சேர்ந்து ஒரே நாள்ல ஒரு கிலோ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். அந்த ஆட்டத்துக்குள்ள ஒத்த நாளோட ஒத்த நாளை ஒப்பிட்டா வர்றது தாயக்கட்டை எண்.

எடை, செலவு, ஓடுற வேகம், இப்படித் தானா ஆடுற எதையும் ஏழு நாளுக்கு ஏழு நாள்தான் பார்க்கணும். அதோட தீர்ப்பை எண்ணுக்கு எழுதாதீங்க, செஞ்ச வேலைக்கு எழுதுங்க. நடந்தது எத்தனை நாள், ராத்திரிச் சாப்பாட்டை நேரத்துக்கு முடிச்சது எத்தனை நாள். அது கையில இருக்கு, முள் கையில இல்ல.

ஃபார்முலா பட்டை

ஒரே இலக்குக்குள்ள எடுக்குற சராசரியை நான் எங்க வேண்டாம்னேன்? "இலக்குகளை"ன்னு பன்மையிலதான் எழுதியிருக்கேன். ஏழு நாள் சராசரி எடுக்கும்போதும் காலிக் கட்டம் ஜாக்கிரதை. எடை பார்க்காத நாளைக் காலியாத்தான் விடணும், அங்க 0 போட்டா சராசரி 67-க்கு விழுந்துடும். வேலை செய்யாத நாளுக்கு 0, அளக்காத நாளுக்குக் காலி. இதைக் குழப்பினாத்தான் எல்லா ஷீட்டும் கெடுது.

முப்பதுக்கு இருபத்திரண்டு

அதெல்லாம் இருக்கட்டும். அந்த "மேற்படி" என்ன ஆச்சு?

கட்டம் போட்ட நோட்டு

"காத்திருப்பு" நியாயம்தான், நாலை அஞ்சாக்கிக்கலாம். நிதானம் சாரோட மணிக் கணக்கையும் அந்த அஞ்சு மாசத்துக்கும் போட்டுப் பார்த்தேன். எந்த மாசத்துலயும் 15 மணி நேரத்துக்கு மேல தேறல.

ஆறாவது பக்கமும் இருந்துச்சு. உளவியல் ஆய்வாளர் பீட்டர் கோல்விட்சர் 1999 கட்டுரையில சொன்ன "இது நடந்தா இதைச் செய்வேன்" வடிவத்துல, எப்ப, எங்கன்னு சேர்த்து, முதல் வரி மாறியிருந்துச்சு: "செவ்வாய், வியாழன் ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் அதே மேசையில லேப்டாப்பைத் திறந்து 7-ம் பாடம், முதல் 12 நிமிஷம்." கோர்ஸ்ங்கிற வார்த்தையே அதுல இல்ல. கை வச்ச தேதிப் பத்தியில 3, 5, 10-ன்னு மூணு எண். 12 இருக்க வேண்டிய இடத்துல ஒரு சின்னப் புள்ளி, பேனாவை வச்சு எடுத்த மாதிரி. அதுக்கு மேல பார்க்கக் கிடைக்கல.