ஒரே ஆளின் 12 நாட்கள்: ‘ஆப்சென்டீயிசம்’ என்ற சொல்லோடு எங்கள் அனுபவங்கள்

சம்பளக் கணக்குப் பிரிவில் இருப்பவர்:

ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஆப்சென்ட், அவ்வளவுதான். அதுவே அடிக்கடி நடந்து வழக்கமாகிப் போனால்தான் ஆப்சென்டீயிசம். முன்பே அனுமதி வாங்கிய விடுப்பை இதில் சேர்க்கக் கூடாது. இழந்த நாட்களை மொத்த வேலை நாட்களால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும்.

ஒரு மாதம் ஒரு பிரிவுக்கு 3 சதவீதம் வந்தது. 20 பேர், ஆளுக்கு 25 நாள், ஆக 500. அதில் 15 நாள் போயிருந்தது. ‘பொறுப்பில்லாத பிரிவு’ என்று மேலதிகாரி சிவப்பு மையில் எழுதிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. வருகைப் பதிவை ஆள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 12 நாள் ஒரே ஆளுடையது. எல்லாமே திங்கள், புதன், வெள்ளி.

கூப்பிட்டுக் கேட்டேன். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், கூடப் போக வேறு ஆளில்லை. விடுப்பும் தீர்ந்துவிட்டது. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை, பாவம். இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக் கொடுத்தோம், அதன்பிறகு ஒழுங்காக வருகிறார். மீதி 19 பேரும் சேர்ந்து வராமல் இருந்தது மூன்றே நாள். அவர்கள் தலையிலும்தானே அந்தப் பழி விழுந்தது? இப்போதெல்லாம் அறிக்கையில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே ‘எத்தனை பேர்’ என்றும் எழுதுகிறேன்.

ஆசிரியர் ஒருவர்:

பள்ளியில் ட்ரூயன்சி என்று இன்னொன்று உண்டு. தக்க காரணமில்லாமல், பெரும்பாலும் வீட்டுக்கே தெரியாமல், வகுப்புக்கு மட்டம் போடுவது. காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை ஆப்சென்ட், ஆனால் ட்ரூயன்ட் இல்லை. அம்மை போட்டுக் கிடந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு ‘ட்ரூயன்ட்’ என்று கடிதம் போய்விட்டது. அந்த அம்மா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, “என் பிள்ளை எங்கேயும் சுத்தலைங்க டீச்சர்” என்று சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பதிவேட்டில் உடனே திருத்தினோம்.

வரலாறு படிப்பவர்:

இந்தச் சொல் முதலில் தொழிலாளியைக் குறித்ததே இல்லை. அயர்லாந்தில் நிலம் வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் குடியிருந்த நிலவுடைமையாளர்களைத்தான் அப்சென்டீ என்றார்கள். குத்தகைப் பணம் மட்டும் கடல் தாண்டிப் போகும். 1729-லேயே அவர்களுடைய பெயர்களும் வருமானமும் டப்ளினில் பட்டியலாக அச்சாகின. 1773-இல் அவர்கள் மேல் வரி போடப் பார்த்தார்கள், அயர்லாந்து நாடாளுமன்றத்தில் அது தோற்றுப்போனது. அப்புறம்தான் இந்தச் சொல் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் வந்து, கூலிக்கு உழைப்பவர் மேல் ஒட்டிக்கொண்டது. மேலே சொன்ன அந்த 12 நாளைப் படித்தபோது எனக்கு ஆத்திரமாகவே வந்தது.