பிஎம்பி தேர்வு: கணக்கு வருது, சூழ்நிலைக் கேள்விதான் உதைக்குது

சைட்_பிளானர்:
கட்டுமானத் துறையில பிளானிங் இன்ஜினியர். பி.இ. சிவில். பிஎம்பிக்கு (பிஎம்ஐங்கிற அமைப்பு புராஜெக்ட் மேனேஜர்களுக்கு நடத்துற சான்றிதழ்த் தேர்வு) வேண்டிய 35 மணி நேர வகுப்பு முடிஞ்சாச்சு, அப்ளிகேஷன் இன்னும் போடல. மாக் டெஸ்ட்ல மார்க் 60–65 சதவீதத்தைத் தாண்ட மாட்டேங்குது. ஏர்ன்ட் வேல்யூ (முடிஞ்ச வேலையோட மதிப்பைச் செலவோட ஒப்பிடறது), கிரிட்டிகல் பாத் (முடிவுத் தேதியைத் தீர்மானிக்கிற வேலை வரிசை) மாதிரி கணக்கெல்லாம் பிரச்சினை இல்ல. "மேலாளர் அடுத்து என்ன செய்யணும்?"னு வர்ற கேள்வியிலதான் நாலு விடையும் சரி மாதிரியே தெரியுது. எங்க சைட்ல அஜைலே (வேலையைச் சின்னச் சின்னச் சுற்றாப் பிரிச்சு, அப்பப்ப திட்டத்தை மாத்திக்கற முறை) கிடையாது. பிஎம்ஐயோட வழிகாட்டிப் புத்தகமான பிஎம்பாக் 6-ஆம் பதிப்புல இருக்கிற 49 பிராசஸையும் மனப்பாடம் பண்ணிட்டா சரியாகிடுமா? அப்ளிகேஷன்ல அனுபவத்தை எப்படி எழுதறதுன்னும் சொல்லுங்க.

பேஸ்லைன்_பாரதி:
மனப்பாடம் வேண்டாம் சார். எந்த பிராசஸுக்கு எது இன்புட், எது அவுட்புட்னு நேரடியா கேக்குற காலம் போயிடுச்சு. 2021 ஜனவரியில வந்த பாடத்திட்டத்துல மக்கள் 42 சதவீதம், செயல்முறை 50, வணிகச் சூழல் 8. அதுல மொத்தக் கேள்வியில ஏறக்குறைய பாதி அஜைலோ, ஹைப்ரிடோதான் (அஜைலும் வழக்கமான முறையும் கலந்தது). கணக்குக் கேள்வி சொற்பம். அதாவது உங்களுக்கு நல்லா வர்ற பகுதிக்கு அங்க மதிப்பு கம்மி. இன்னொண்ணு, 2026 ஜூலையில இருந்து எழுதறவங்களுக்கு இந்தப் பங்கீடு 33, 41, 26. வணிகச் சூழல் ஒரேயடியா ஏறுது. நீங்க எழுதப் போற தேதிக்கு எந்தப் பங்கீடுன்னு பார்த்துட்டு அதுக்கேத்த மாக் வாங்குங்க.

இப்ப உங்க சிக்கல். வாடிக்கையாளர் சைட்டுக்கு வந்து, பிளான்ல இல்லாத கூடுதல் லிஃப்ட் ஒண்ணு கேக்குறார்னு வெச்சுக்குங்க. விடைகள்: (1) செய்து கொடு; (2) முடியாதுன்னு சொல்; (3) செலவு, கால அளவு, தரம், ரிஸ்க் மேல என்ன தாக்கம்னு பார்; (4) மாற்றங்களுக்கு ஒப்புதல் தர்ற சேஞ்ச் கன்ட்ரோல் போர்டுக்கு அனுப்பு. இதுல மூணாவதுதான் சரி. கேள்வியில "தாக்கத்தை ஆராய்ந்த பிறகு"ன்னு அரை வரி சேர்ந்திருந்தா விடை நாலாவதுக்குப் போயிடும். "போர்டு ஒப்புதல் தந்துவிட்டது"ன்னு இருந்தா திட்டத்தையும் பேஸ்லைனையும் (ஒப்புதல் வாங்கின மூல அளவுகோல்) திருத்தி, சம்பந்தப்பட்டவங்களுக்குச் சொல்லி, அப்புறம்தான் வேலை. ஒரே சம்பவம்தான், எந்தப் படியில நிக்குதுங்கிறதுதான் விடையை மாத்துது. அதனால கடைசி வரியை முதல்ல படிங்க. அப்புறம் மேலே போய், "ஏற்கெனவே நடந்தது எது"ன்னு மட்டும் தேடுங்க.

இதே கேள்வி ஸ்க்ரம் (அஜைல்ல ஒரு வகை) குழுவுக்கு வந்தா போர்டு கிடையாது. கோரிக்கை, எந்த வேலை முதல்லன்னு தீர்மானிக்கிற பிராடக்ட் ஓனர்கிட்ட போகும், அவர் பேக்லாக்ல (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்) எங்க வைக்கறதுன்னு முடிவு பண்ணுவார். நடப்பு ஸ்பிரின்ட்ல (சில வாரச் சுற்று) நீங்களா சொருகுற விடை தப்பு.

சைட் ஆளுங்க வழக்கமா சறுக்குற இடம் மேலிடத்துக்குப் போன் போடுறது. சைட்ல கான்க்ரீட் நிக்கக் கூடாதுன்னு உடனே எம்.டி.க்கு அடிப்போம். தேர்வுல, விஷயம் உங்க அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதா இருந்தா மட்டும்தான் அது சரி. அதே மாதிரி ஆளை மாத்து, சப்-கான்ட்ராக்டருக்கு அபராதம் போடுங்கிற விடையெல்லாம் பெரும்பாலும் கண்ணிதான். முதல்ல சம்பந்தப்பட்டவரோட பேசி, காரணம் என்னன்னு பார்க்கிற விடையைத் தேடுங்க.

ஸ்கோப்_மணி:
அப்ளிகேஷன் பத்தி. நாலு வருஷப் பட்டம் இருக்கிறதால 36 மாசம் புராஜெக்ட்டை வழிநடத்திய அனுபவம் காட்டணும். டிப்ளமோன்னா இன்னும் கூடுதல் மாசம். ஒரே காலத்துல ரெண்டு புராஜெக்ட் பார்த்திருந்தாலும் அந்த மாசம் ஒரு தடவைதான் கணக்கு. இது தெரியாம 36 வந்துடுச்சுன்னு நினைச்சு நிறைய பேர் அனுப்பிடறாங்க. பதவிப் பேர் புராஜெக்ட் மேனேஜரா இருக்கணும்னு அவசியமில்ல. பிளானிங் இன்ஜினியரே போதும், ஆனா வழிநடத்தினது எழுத்துல தெரியணும்.

"பிரைமவேரா சாஃப்ட்வேரில் ஷெட்யூல் தயாரித்தேன், வாராந்திர ரிப்போர்ட் கொடுத்தேன்"னு எழுதினா அது உதவியாளர் வேலையாத்தான் படிக்கும். "வேலைகளைப் பிரித்து பேஸ்லைன் அமைத்தேன், சப்-கான்ட்ராக்டர்களோடு மைல்கல் ஒப்புக்கொள்ள வைத்தேன், தாமதம் வந்தபோது மாற்றக் கோரிக்கை எழுப்பி ஒப்புதல் பெற்றேன்"னு, செஞ்சதை அதே வரிசையில எழுதுங்க. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் நோக்கம், உங்க பங்கு, ஒப்படைச்ச பொருள், முடிவு நாலும் வரணும். கட்டி முடிச்ச கட்டடத்தோட பராமரிப்பு மாதிரி அன்றாட வேலை செல்லாது.

ஆடிட்டுக்கு (அப்ளிகேஷன்ல எழுதினதைச் சரிபார்க்கறது) எதேச்சையாத்தான் ஆளை எடுக்கிறாங்க. வந்துடுச்சுன்னா 90 நாள் அவகாசம்: பட்டச் சான்றிதழ், வகுப்புச் சான்றிதழ், ஒவ்வொரு புராஜெக்டுக்கும் அப்போ மேலே இருந்தவரோட கையெழுத்து. நிறுவனம் மாறினவங்களுக்கு இந்தக் கையெழுத்துதான் இழுத்தடிக்கும். சப்மிட் அமுக்குறதுக்கு முன்னாடியே பழைய மேலாளரோட மெயிலும் நம்பரும் உயிரோட இருக்கான்னு பார்த்துக்குங்க. அப்ரூவ் ஆன பிறகு ஒரு வருஷத்துக்குள்ள மூணு தடவை வரைக்கும் எழுதலாம்.

ஃப்ளோட்_ஜீரோ:
கணக்கு வரும்னு ஒரேயடியா விட்டுடாதீங்க. ஃபார்முலா தெரிஞ்சவங்களே எதைப் போடறதுன்னு தெரியாம விடறாங்க. மொத்த பட்ஜெட் 18 லட்சம். இன்னைக்கு வரை முடிஞ்ச வேலையோட மதிப்பு 9 லட்சம், செலவு 12 லட்சம். மதிப்பைச் செலவால வகுத்தா வர்ற சிபிஐ 0.75. இந்தச் செலவுப் போக்கு கடைசி வரை தொடரும்னா முடிவுச் செலவு 18-ஐ 0.75-ஆல வகுத்து 24 லட்சம். மண்ணு சரிஞ்சது மாதிரி ஒரு தடவை வந்த சிக்கல், மீதி வேலை திட்டப்படியே போகும்னா 12-ஓட மீதி 9-ஐக் கூட்டி 21 லட்சம். 24, 21 ரெண்டுமே விடையில இருக்கும். கேள்வியில இருக்கிற "வழக்கமான", "ஒருமுறை மட்டும்"ங்கிற சொல்தான் பிரிக்குது. இன்னும் 18 லட்சத்துக்குள்ளேயே முடிக்கணும்னா மீதி 9 லட்ச வேலைக்குக் கையில 6 லட்சம், மீதிக்குத் தேவைப்படுற சிபிஐயான டிசிபிஐ 1.5. இதுவரைக்கும் 0.75-ல ஓடினவங்களுக்கு அது நடக்காத காரியம். அப்போ "அடுத்து என்ன"ன்னா பட்ஜெட்டைத் திருத்தக் கோரிக்கை எழுப்பணும்.

சைட்_பிளானர்:
பேஸ்லைன்_பாரதி மேடம், மாத்தி மாத்தி நாலு மாக் எழுதிட்டேன், மார்க் நகரவே இல்ல. இன்னும் எழுதலாமா? நேரமும் பத்த மாட்டேங்குது.

பேஸ்லைன்_பாரதி:
புதுசு எழுதாதீங்க, எழுதின நாலையும் பிரிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்துல காரணம் எழுதுங்க: கேள்வியை அவசரமா படிச்சதா, படி மாறினதா, அஜைலா வழக்கமான முறையான்னு கவனிக்காததா, விஷயமே தெரியாததா. கடைசிக் காரணத்துக்கு மட்டும்தான் புத்தகம். அதுக்கு பிஎம்ஐயோட அஜைல் பிராக்டிஸ் கைடு போதும், சின்ன புத்தகம்தான். ஊகத்துல சரியா வந்ததையும் தப்புக் கணக்குலயே சேருங்க. பிஎம்ஐயோட பயிற்சித் தளமான ஸ்டடி ஹால்ல "எக்ஸ்பர்ட்"னு இருக்கிற கேள்விகளைப் பார்த்து மிரள வேண்டாம், சிலதுல விடையோட நியாயமே இழுபறிதான். தேர்ச்சிக்கு இத்தனை சதவீதம்னு பிஎம்ஐ வெளியிடறதில்ல, அதனால யார் சொல்ற கட்-ஆஃபையும் நம்பாதீங்க.

நேரம்: 2026 ஜூலைக்கு முந்தின தேர்வுல 230 நிமிஷம், 180 கேள்வி. 60-வது முடியறப்போ 153 நிமிஷம், 120-வது முடியறப்போ 77 நிமிஷம் கையில இருக்கணும். அந்த ரெண்டு இடத்துலயும் 10 நிமிஷ இடைவேளை உண்டு, அது நேரத்துல கழியாது. ஆனா இடைவேளைக்குப் போயிட்டா முந்தின 60-க்குத் திரும்ப முடியாது. மார்க் பண்ணி வெச்சதையெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிச்சுடணும். விடை தெரியாட்டியும் காலியா விடாதீங்க, நெகட்டிவ் மார்க் கிடையாது.

ஸ்கோப்_மணி:
ஒண்ணு விட்டுப்போச்சு. நம்ம ஊர் இனிஷியல் சமாச்சாரம். பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா விரிஞ்சிருக்கும், பட்டச் சான்றிதழ்ல வெறும் ஒரு எழுத்து. அப்ளிகேஷன்ல தேர்வு அன்னைக்குக் காட்டப் போற பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே எழுதுங்க. பொருந்தலேன்னா சென்டர்ல உள்ள விட மாட்டாங்க, கட்டின பணமும் போயிடும். பிஎம்ஐ கணக்குல ஏற்கெனவே இனிஷியலோட பதிஞ்சிருந்தா தேதி எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்க வாடிக்கையாளர் சேவைக்கு எழுதித் திருத்திடுங்க.