க்வேக்-சி: கல்லணை மேப்பில் மதகு ஷட்டர் இறங்கவில்லை, நிரலை (கோட்) எங்கிருந்து படிப்பது?

மன்னார்குடி_மேப்
வணக்கம். க்வேக் கேமுக்கு கல்லணை மாதிரி ஒரு மேப்பும் (விளையாட்டுக் களம்), அதற்காக க்வேக்-சி மொழியில் எழுதிய பழைய மோடும் (கேமை மாற்றும் நிரல்) கையில் இருக்கின்றன. கமென்ட் ஒரு வரி கூடக் கிடையாது, வேரியபிள் பெயரெல்லாம் ஏ1, எக்ஸ்எக்ஸ், டெம்ப்2. பட்டனை அமுக்கினால் ஷட்டர் ஏறுகிறது. 20 செகண்டில் இறங்க வேண்டும். மேப் தொடங்கி 10 செகண்டில் அமுக்கினால், ஏறி நின்று ஏறக்குறைய 30 செகண்ட் கழித்து இறங்குகிறது. ஐந்து நிமிடம் கழித்து அமுக்கினால் இறங்குவதாகவே தெரியவில்லை. எந்த ஃபைலில் தொடங்கலாம்?

குடந்தை_நிரலர்
தம்பி, தலைமடையிலிருந்து எல்லா ஃபைலையும் படித்துக்கொண்டு வராதீர்கள். கடைமடையில் தொடங்குங்கள், அதாவது மேப்பில். பிஎஸ்பி ஃபைலை, அதாவது கம்பைல் செய்த மேப்பை, டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தாலே என்டிட்டி (கதவு, பட்டன் போன்ற பொருள்) பட்டியல் படிக்கிற எழுத்தில் கிடைக்கும். அங்கே கிளாஸ்நேம் என்ன இருக்கிறதோ அதே பெயரில் கோட்டில் ஒரு ஃபங்ஷன் இருக்கும். எஞ்சின் முதலில் கூப்பிடுவது அதைத்தான். அதற்குள் டச் (தொட்டால் ஓடுவது), யூஸ் (இயக்கினால் ஓடுவது), திங்க் (குறித்த நேரத்தில் ஓடுவது) என்ற மூன்றுக்கும் எந்த ஃபங்ஷனைக் கொடுத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டால் பாதிக் கோட் விளங்கிவிடும்.

இன்னொன்று, க்வேக்கை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 1.06 க்யூசி (க்வேக்-சி) கோடோடு இதை டிஃப் போட்டு, அதாவது வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். மோட் எழுதியவர் கைவைத்த இடம் மட்டும் மிஞ்சும். பெயர் மாற்றுவதானால் டெஃப்ஸ்.க்யூசியில் எண்ட்_சிஸ்_ஃபீல்ட்ஸ் வரிக்கு மேலே எதையும் தொடாதீர்கள். தொட்டால் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பொருந்தாமல் எஞ்சின் மேப்பையே ஏற்றாது.

திருவையாறு
30 செகண்ட் என்று சொன்னதிலேயே விடை இருக்கிறது: 10 + 20. பட்டனை அமுக்கும்போதுதான் ஷட்டர் ஸ்பான் ஆகிறது, அதாவது உருவாகிறது என்று நினைக்கிறேன். கோட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்:

செல்ஃப்.நெக்ஸ்ட்திங்க் = டைம் + 20;

நெக்ஸ்ட்திங்க் என்பது திங்க் அடுத்து ஓட வேண்டிய நேரம்; டைம் என்பது மேப்பின் பொதுக் கடிகாரம். மற்ற என்டிட்டிகளுக்கு இது சரி. ஆனால் கதவு, ஷட்டர் போல நகர்ந்து தள்ளும் மூவ்டைப்_புஷ் என்டிட்டிக்கு எஞ்சின் பார்ப்பது டைம் இல்லை, அந்த என்டிட்டியின் சொந்தக் கடிகாரமான எல்டைம். ஸ்பான் ஆகும்போது அது 0. 300-வது செகண்டில் ஸ்பான் ஆன ஷட்டர், ஏறி நின்ற பிறகு 320 செகண்ட் காத்திருக்கும். வழியில் ஆள் நின்று ஷட்டர் தடைபட்டால் அவ்வளவு நேரமும் எல்டைம் ஓடாது, தாமதம் இன்னும் கூடும். ஒரிஜினல் டோர்ஸ்.க்யூசியில் டோர்_ஹிட்_டாப் ஃபங்ஷனைப் பாருங்கள், செல்ஃப்.எல்டைம் + செல்ஃப்.வெயிட் என்றுதான் இருக்கும். இங்கேயும் டைம் என்பதை செல்ஃப்.எல்டைம் என்று மாற்றினால் போதும்.

மன்னார்குடி_மேப்
அதேதான் அண்ணே, மாற்றினேன், 20 செகண்டில் இறங்குகிறது. ஆனால் சரிபார்க்க டைம், எல்டைம் இரண்டையும் எஃப்டூஎஸ் (எண்ணை எழுத்தாக்கும் ஃபங்ஷன்) போட்டு இரண்டு ஸ்ட்ரிங்கில் வைத்து டீப்ரின்ட் செய்தால் (கன்சோலில் அச்சிட்டால்) ஒரே எண் இரண்டு முறை வருகிறது.

திருவையாறு
மூல எஞ்சினில் எஃப்டூஎஸ், வீடூஎஸ் (வெக்டரை எழுத்தாக்குவது) இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு தற்காலிக பஃபர்தான். இரண்டாவது எண் முதலாவதின் மேலேயே எழுதப்பட்டுவிடும். ஓர் எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்றியதும் உடனே டீப்ரின்ட், பிறகு அடுத்தது. புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம்தான் காட்டும்; நுணுக்கமாகப் பார்க்க 100-ஆல் பெருக்கி அச்சிடுங்கள்.