மறு: 'ஸ்போட்டிங்' – எல்6/40 ஓட்டுபவனுக்கு ஒரு சொல் போதுமா?

லிந்தாங் பக்கமிருந்து:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பையன்களுக்காகத் தொகுக்கும் 'வேர்ல்ட் ஆப் டாங்க்ஸ்' என்ற இணைய டாங்கிப் போர் ஆட்டத்தின் சொற்பட்டியலில் 'ஸ்போட்டிங்'குக்குக் 'கண்காணித்தல்' என்று போட்டிருக்கிறீர்கள். பொருந்தவில்லை ஐயா. கண்காணிப்பவன் பார்ப்பான், அத்தோடு சரி. ஆட்டத்தில் நம் பார்வையில் எதிரி சிக்கினால் கூட்டாளிகளின் திரையிலும் அவன் தெரிகிறான். பின்னால் நிற்பவன் அவனை அடித்தால் அந்தச் சேதத்துக்கு நமக்கும் புள்ளி வருகிறது.

ஆட்டத்தில் 2018-இல் வந்த இத்தாலிய டாங்கி வரிசையின் இரண்டாம் படி இலகு டாங்கி எல்6/40-க்கு இதுதான் பிழைப்பு. நிஜ வண்டியே 6.8 டன்தான். முன்தகடு 30 மி.மீ., பக்கம் 15 மி.மீ., எல்லாம் ஆணி அடித்து இணைத்தவை. ஆயுதம் 20 மி.மீ. பிரேடா. ஆட்டத்தில் இந்த ரகத் துப்பாக்கி எட்டத்தில் பயன்படாது. தூரம் கூடக் கூட ஊடுருவும் திறன் மளமளவென்று விழும். நேருக்கு நேர் நின்றால் வண்டி அழிந்து உடனே கராஜுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எல்பில் பக்கமிருந்து:

தம்பி சொல்வது சரி. இன்னொரு காரணமும் இருக்கிறது. 'கண்காணி' என்று எழுதினால் நம் ஊரில் 'கங்காணி', அதாவது தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர், என்றுதான் படிப்பார்கள். தோட்டத்தில் மூன்று தலைமுறை பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற வீட்டுப் பிள்ளை அந்தப் பெயரில் வண்டி ஓட்டுவானா?

'காட்டல்' என்று சுருக்கலாமென்று பார்த்தேன். 'காட்டு வண்டி' என்றால் காட்டுக்குள் ஓடும் வண்டி ஆகிவிடுகிறது. 'காட்டிக்கொடுத்தல்' பொருளுக்கு மிக நெருக்கம், ஆனால் அது துரோகிக்குரிய சொல். 'வேவு' எப்படி?

ஆசிரியர்:

'வேவு' பழைய சொல், வாயிலும் நிற்கும். ஓடாமல் ஓரிடத்தில் நின்றே செய்யும் 'பேசிவ் ஸ்போட்டிங்'குக்குச் 'செயலறு வேவு' என்று வைக்கலாமா? சொல்லை முடிவு செய்யும் முன் அந்த இடத்தில் என்னதான் நடக்கிறது என்று விளையாடுகிறவர்கள் விளக்குங்கள்.

லிந்தாங் பக்கமிருந்து:

'செயலறு' வேண்டாம் ஐயா, ஓட்டுபவன் தூங்குகிறான் என்று ஆகிவிடும். அவன் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

பார்வைத் தூரத்திலிருந்து 50-ஐக் கழித்து, மீதியை எதிரியின் உருமறைப்பு விகிதத்தால் பெருக்கி, வருவதைப் பார்வைத் தூரத்திலிருந்து கழித்தால், எதிரி எத்தனை மீட்டரில் தெரிவான் என்று கிடைக்கும். உதாரணத்துக்கு, பார்வை 300 மீட்டர், எதிரியின் உருமறைப்பு 25% என்றால் 237.5 மீட்டர். தொலைநோக்கி பொருத்தி மூன்று நொடி அசையாமல் நின்றால் பார்வை 25% கூடி 375 ஆகும், அதே எதிரி ஏறத்தாழ 294 மீட்டரிலேயே தெரிவான். வண்டியைக் கொஞ்சம் திருப்பினாலும் அந்த 56 மீட்டர் போய்விடும், மூன்று நொடியை முதலிலிருந்து எண்ண வேண்டும். பார்வை எவ்வளவு ஏறினாலும் 445 மீட்டருக்கு அப்பால் எவனும் தெரியமாட்டான்.

புதரில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். 15 மீட்டருக்குள் உள்ள புதர் நம் திரையில் ஊடு தெரியும், ஆனால் எதிரியிடமிருந்து மறைக்கும். குண்டு போட்ட கணமே அந்தப் புதரின் மறைப்பு பெரும்பாலும் போய்விடும். வண்டியின் சொந்த உருமறைப்பும் இறங்கும். 20 மி.மீ.க்கு இறக்கம் குறைவு, அதை நம்பித்தான் விரல் அரிக்கிறது. புதரிலிருந்து 15 மீட்டருக்கு மேல் பின்வாங்கிச் சுட்டால் மறைப்பு நிற்கும், ஆனால் அங்கிருந்து நமக்கும் ஒன்றும் தெரியாது. செம்பனை நிரைக்குள் நிற்பது போலத்தான்: சாய்ந்து நின்றால் மரங்கள்தான் தெரியும், நிரைக்கு நேராக நின்றால் நாமும் வெளியே தெரிவோம்.

ஆக இடம், நேரம், சுடாத விரல், மூன்றும் சேர்ந்த வேலை. 'பதுங்கு வேவு' என்று வையுங்கள். ஓடிக்கொண்டே செய்வது 'ஓட்ட வேவு'. இலகு டாங்கிகளுக்கு நின்றாலும் ஓடினாலும் உருமறைப்பு ஒன்றே என்பதால் இரண்டாவதும் அவற்றுக்குக் கைகூடும். மற்ற ரகங்கள் ஓடினால் மறைப்பு குறையும்.

எல்பில் பக்கமிருந்து:

இரண்டும் நன்றாக இருக்கின்றன, தலைக்கருவியில் கத்தவும் ஏற்றவை. ஆனால் வேவு என்பது வேலை. அதன் விளைவுக்குத் தனிச் சொல் வேண்டும். 'அவன் ஸ்போட் ஆகிட்டான்', 'நான் ஸ்போட் ஆகிட்டேன்' என்று பையன்கள் சொல்வதை வேவில் எப்படிச் சொல்வது?

'தென்படுதல்', 'தென்படுத்தல்' என்று இணையாக வைக்கலாம். வேவு பார்த்தும் எதிரி தென்படாமல் போவதுண்டு. 270 மீட்டருக்கு அப்பால் ஆட்டம் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் சோதிக்கிறது. அந்த இடைவெளியில் குறுகிய திறப்பைத் தாண்டி ஓடுபவன் சிக்குவதில்லை. அதனால் எதிரி நீளமாக வெளியில் ஓட வேண்டிய பாதையைப் பார்த்து நிற்பதே நல்லது.

ஆசிரியர்:

ஏற்கிறேன். வரையறை: 'தென்படுத்தல் – எதிரி வண்டியைக் கண்டு, அதைத் தன் அணியின் திரையில் தோன்றச் செய்தல்'.

லிந்தாங் பக்கமிருந்து:

'கண்டு' என்பதை எடுத்துவிடுங்கள் ஐயா. 50 மீட்டருக்குள் வந்தால் நடுவில் பாறையோ வீடோ இருந்தாலும் தென்படும், காண வேண்டிய அவசியமே இல்லை. அந்த 'கண்டு'வைப் படித்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் நின்றால் பாதுகாப்பு என்று எல்6/40-ஐ நிறுத்துவான் ஒருவன். 15 மி.மீ. பக்கத் தகட்டில் அடி விழும். உள்ளே இருப்பது இரண்டே பேர். குறி வைப்பதும் குண்டு நிரப்புவதும் தளபதியேதான். அவர் காயப்பட்டால் பார்வை, குறி, நிரப்பும் வேகம் மூன்றும் ஒன்றாகச் சரியும். முதலுதவிப் பெட்டி இல்லாவிட்டால் அதற்குப் பிறகு வேவும் இல்லை.

ஆசிரியர்:

எடுத்துவிட்டேன். '50 மீட்டருக்குள் மறைப்பு எதுவும் செல்லாது' என்று அடியில் சேர்த்திருக்கிறேன். 'டாங்கி'யை அப்படியே விடுகிறேன். 'கவச வண்டி' என்று எழுதினால் அது 'கெரேத்தா கெபால்' (மலாயில் கவச வண்டி), காசு ஏற்றும் பேங்க் வண்டியா என்று கேட்கிறார்கள். அடுத்த சொல் 'ரிலோட்'.